உலாவி எடுக்கும் ரேம்: எப்படிக் கணக்குப் பார்ப்பது?

லினக்ஸ் கணினி மந்தமாகிவிட்டதென்று டெர்மினலில் 'டாப்' கட்டளையைக் கொடுத்தால், ஃபயர்பாக்ஸின் செயல்முறைகள் 'ஐசோலேட்டட் வெப் கோ' என்ற அரைகுறைப் பெயரில் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றின் நேரேயும் 'ரெஸ்' பத்தியில் நூற்றுக்கணக்கான எம்பி. பலரும் அதையெல்லாம் கூட்டிப் பார்த்துத் திகைத்துப்போகிறார்கள். அந்தக் கூட்டலே தப்பு.

ஐந்து பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு கிணறு இருக்கிறது. ஆளுக்கொரு கிணறு என்று ஒவ்வொருவரும் எழுதிக்கொடுத்தால் ஊர்க்கணக்கில் ஐந்து கிணறாகிவிடும். உலாவியின் செயல்முறைகள் பகிர்ந்துகொள்ளும் நிரல் பகுதிகளை 'ரெஸ்' இப்படித்தான் எண்ணுகிறது. பகிர்வோரின் எண்ணிக்கையால் வகுத்துச் சொல்லும் அளவு 'பிஎஸ்எஸ்'. 'ஸ்மெம்' என்ற சிறு கருவியை நிறுவினால் அதைக் காட்டும். நம்பிக் கூட்ட வேண்டியது இதைத்தான்.

இத்தனை செயல்முறைகள் எதற்கு? 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற செயலி (சிபியு) குறைபாடு வெளியானது. ஒரு தளத்தின் நிரல், அதே செயல்முறையில் இருக்கும் வேறொரு தளத்தின் ரகசியத்தைப் படித்துவிட முடியும் என்று அது காட்டியது. அதே ஆண்டு குரோம் 67 தளங்களைத் தனித்தனிச் செயல்முறைகளில் அடைத்தது. அதனால் நினைவகச் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடுவதாக கூகுளே சொன்னது. ஃபயர்பாக்ஸும் 2021இல் அதே வழிக்கு வந்தது. ரேமை மிச்சப்படுத்த இந்தப் பாதுகாப்பை அணைக்கச் சொல்லும் குறிப்புகளைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். வங்கிக் கணக்கைத் திறக்கும் உலாவியும் அதுதானே.

'ஃப்ரீ' கட்டளையில் காலி இடம் குறைவாகத் தெரிந்தாலும் பதற வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமில் வட்டுக் கோப்புகளின் நகலை வைத்துக்கொள்வது லினக்ஸின் வழக்கம். தேவைப்பட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். 'அவைலபிள்' பத்தி வற்றி, ரேம் போதாதபோது வட்டில் பயன்படும் 'ஸ்வாப்'பும் ஏறிக்கொண்டே போனால்தான் நிஜமான நெருக்கடி.

அப்போது ஃபயர்பாக்ஸில் 'அபவுட்:ப்ராசசஸ்' பக்கத்தையும், குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலையும் பாருங்கள். எந்த டேப், எந்த நீட்சி என்று பெயரோடு தெரியும். யாரும் தொடாத டேப் மணிக்கணக்கில் ஊதிக்கொண்டே போனால் நினைவகக் கசிவு என்று சந்தேகிக்கலாம். ஃபயர்பாக்ஸின் 'அபவுட்:மெமரி' பக்கத்தில் 'மினிமைஸ் மெமரி யூசேஜ்' பொத்தானை அழுத்துங்கள். அளவு சரிந்தால் அது அள்ளப்படாத குப்பை மட்டுமே. குறையாவிட்டால் நீட்சிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். என் கணிப்பில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை அவைதான்.

4 ஜிபி மட்டுமே உள்ள பழைய மடிக்கணினிக்கு 'இசட்ரேம்' பெரிய உதவி. ஸ்வாப்புக்குப் போக வேண்டிய நினைவகப் பக்கங்களை வட்டுக்கு அனுப்பாமல் ரேமிலேயே சுருக்கி வைக்கும். 2020இல் வந்த ஃபெடோரா 33 முதல் அந்த இயங்குதளத்தில் இது இயல்பாகவே இருக்கிறது. மற்ற லினக்ஸ்களில் நாமே நிறுவிக்கொள்ளலாம்.