சாம்பல் நிறப் புழுவின் சாட்சி

எலுமிச்சைக் கன்றின் இளந்தளிரில் வெள்ளிக் கம்பியை வளைத்து வளைத்து ஒட்டியது போல ஒரு கோடு ஓடும். வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். நத்தை ஊர்ந்த தடம் என்று நினைப்பவர்களும் உண்டு. அது இலைத் தோலுக்கு அடியிலேயே ஒரு புழு தின்றுகொண்டு போன பாதை. அந்தப் புழு வளர்ந்தால் அரிசி மணியை விடச் சிறிய அந்துப்பூச்சி. நம்மூர் விவசாயிகள் ‘இலைத்துளைப்பான்’ என்று பெயர் சொல்லி மருந்தடிப்பார்கள். பிரிட்டனில் இதே தொழிலைப் பிர்ச் மரத்தில் செய்யும் பூச்சிகளுக்கு யாரும் மருந்தடிப்பதில்லை. தேடிப் போய் விலாசம் எழுதி வைக்கிறார்கள்.

பிர்ச் நமக்கு முற்றிலும் அந்நியமான மரம் அல்ல. காஷ்மீரத்தில் ஓலைக்குப் பதிலாக ஏடு எழுதப் பயன்பட்ட பூர்ஜபத்திரம், இமயமலைப் பிர்ச்சின் பட்டைதான். பிரிட்டனில் பரவலாக வளரும் அதன் உறவுகள் இரண்டு. ஒன்று வெள்ளிப் பிர்ச். மற்றொன்றின் இளங்கிளைகளில் பூனைமயிர் படர்ந்திருக்கும். தரிசு நிலமோ ரயில் பாதையோரமோ, ஆள் கைவிட்ட இடத்தில் முதலில் முளைப்பது இந்த மரங்கள்தான். ஏப்ரலில் மொட்டு அவிழ்ந்து இலை விரியும்போதே அதற்குள் குடித்தனம் தொடங்கிவிடும்.

குடியேறுகிறவை எரியோக்ரேனிடே என்ற குடும்பத்து நுண் அந்துப்பூச்சிகள். பிரிட்டனில் இந்தக் குடும்பத்தில் எட்டு இனங்கள், அவற்றில் ஆறு பிர்ச்சை நம்பியே வாழ்கின்றன. பெரும்பாலானவை மார்ச், ஏப்ரல் மாதங்களில், குளிர் விடாத நாட்களின் வெயிலில் மரத்தைச் சுற்றிப் பறக்கும். இறக்கையை விரித்தால் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். ஊடும் பாவும் வேறு நிறமாக நெய்த பட்டுப்புடவை திருப்பத் திருப்ப நிறம் மாறுமே, அப்படி ஊதாவும் பொன்னும் மாறி மாறி மின்னும். வண்ணத்துப்பூச்சிகளுக்கு இருக்கும் சுருள் உறிஞ்சுகுழலின் பழைய, குட்டையான வடிவம் இவற்றிடம் இருக்கிறது. கூட்டுப்புழுப் பருவத்திலோ வேலை செய்யும் தாடைகளே உண்டு. அவற்றால்தான் மண்ணுக்குள் இருக்கும் கூட்டை அறுத்துக்கொண்டு பூச்சி வெளியே வருகிறது. வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்கு இந்த வசதி கிடையாது.

தாய்ப்பூச்சியின் பின்நுனியில் கத்தி முனை போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதை மொட்டுக்குள் செலுத்தி, இளம் இலையின் சதையில் முட்டையை வைத்துவிடும். பொரித்து வரும் புழு இலையின் மேல்தோலையும் கீழ்த்தோலையும் விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் பச்சையை மட்டும் தின்னும். இதைத்தான் இலைச் சுரங்கம் என்கிறார்கள். இரண்டு காகிதத்துக்கு நடுவில் காற்று புகுந்தது போல இலை உப்பி, வெளிறிப் பழுப்பாகும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே இடியாப்பம் பிழிந்தது போல எச்சம் நூல் நூலாகக் கிடக்கும். முதலில் பார்க்க வேண்டியது இந்த நூலைத்தான். சாஃப்ளை என்ற குளவியுறவுப் பூச்சியின் புழுவும் பிர்ச் இலையைக் குடைகிறது, ஆனால் அதன் எச்சம் துணுக்குத் துணுக்காகச் சிதறிக் கிடக்கும். அந்தப் புழுவுக்குக் கால்கள் உண்டு, எரியோக்ரேனிடே குடும்பப் புழுவுக்குக் கிடையாது.

நூல் தெரிந்தால் குடும்பம் உறுதி. ஆறில் எது என்பதுதான் வழக்கு. ஒரே சுரங்கத்தில் பல புழுக்கள் கூட்டுக்குடும்பமாக இருந்தால் சிகாட்ரிசெல்லா என்று எண்ண நியாயம் இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் தனிக்குடித்தனம். சுரங்கம் இலையின் ஓரத்தில் தொடங்காமல் உள்ளே தள்ளித் தொடங்கியிருந்தால் சலோபியெல்லாவைச் சந்தேகிக்கலாம். ஷ்ராப்ஷர் மாவட்டத்தின் பழைய பெயரான ‘சலோப்’ ஒட்டிக்கொண்ட பூச்சி அது. மற்றவை இடத்தைக் காலி செய்த பிறகு, ஜூன் மாதத்தில், மெல்லிய கோடாகத் தொடங்கி அகன்ற சுரங்கம் கண்ணில் பட்டால் ஸ்பார்மனெல்லா. இவையெல்லாம் சூழ்நிலைச் சாட்சியங்கள். ஒன்றை வைத்துத் தீர்ப்பு எழுதினால் மேல்முறையீட்டில் நிற்காது.

ஒரு புழு மட்டும் நேரடிச் சாட்சி சொல்லும். 1891-ல் மருத்துவர் ஜே. எச். வுட் அறிவியலுக்கு அறிமுகம் செய்த எரியோக்ரேனியா சாங்கியின் புழு சிலேட்டுப் பலகை போலச் சாம்பல் நிறம். மற்றவை வெளிறிய வெண்மை. இலையைப் பறிக்கக்கூட வேண்டாம். கிளையை வளைத்து, சூரியனைப் பின்னால் வைத்து, பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸால் பார்த்தால் போதும். சாம்பல் நிறம் தெரிந்தால் வேலை முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், வளர்ந்த பூச்சியிடம் இந்தச் சாட்சியம் கிடையாது. சாங்கியையும் அதே ஆறில் ஒன்றான செமிபர்ப்யூரெல்லாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் இறக்கையைப் பார்த்துப் பிரிக்க முடியாது. வயிற்றுப் பகுதியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதற்குப் பூச்சி செத்தாக வேண்டும். எந்த உயிரையும் வளர்ந்த வடிவத்தில் பார்த்தால்தான் அடையாளம் என்று நாம் பழகியிருக்கிறோம். இங்கே குழந்தைப் பருவத்துச் சான்றிதழ்தான் செல்லும். அதுவும் சில வாரங்களுக்குத்தான். மே மாத வாக்கில் புழு இலையைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுந்து மண்ணுக்குள் கூடு கட்டிவிடும், அடுத்த வசந்தம் வரை தலை காட்டாது. மிஞ்சுவது பழுப்பு நிறக் காலிப்பை. அதை வைத்து இனத்தைச் சொல்வது, காலி வீட்டுச் சுவரைப் பார்த்துக் குடியிருந்தவர் யார் என்று சொல்வது போலத்தான்.

அடையாளம் தெரிந்த பிறகு பதிவு. என்ன, எங்கே, எப்போது, யார் பார்த்தது என்ற நான்கும் இருந்தால்தான் அது பதிவு. ‘எங்கே’ என்பதற்கு ஊர்ப் பெயர் போதாது. பிரிட்டனின் அரசு வரைபடத்தில் நாடு முழுவதும் கட்டம் போட்டிருக்கிறார்கள். இரண்டு எழுத்தும் ஆறு இலக்கமும் எழுதினால் நூறு மீட்டர் சதுரத்துக்குள் மரத்தைக் காட்டிவிடலாம். இதற்கு மேல் ‘வைஸ்-கவுண்டி’ என்ற பிரிவு ஒன்று உண்டு. 1852-ல் தாவரவியலாளர் எச். சி. வாட்சன் பிரிட்டனை 112 துண்டாக வகுத்தார். நம்மூரில் மாவட்டங்கள் பிரிந்துகொண்டே போவது போல அங்கும் எல்லைகள் மாறின. ஹெரிஃபோர்ட்ஷரை 1974-ல் வூஸ்டர்ஷருடன் சேர்த்தார்கள், 1998-ல் மறுபடி பிரித்தார்கள். பூச்சிக்காரர்களின் கணக்கில் ஹெரிஃபோர்ட்ஷர் எப்போதும் 36, வூஸ்டர்ஷர் எப்போதும் 37. நூறு வருடத்துக்கு முந்தைய பதிவையும் இந்த வருடப் பதிவையும் ஒரே வரைபடத்தில் வைக்க முடிவது இந்தப் பிடிவாதத்தால்தான்.

ஒவ்வொரு வைஸ்-கவுண்டிக்கும் பதிவுகளைச் சரிபார்க்க ஒருவர் உண்டு, பெரும்பாலும் சம்பளமில்லாத் தன்னார்வலர். நுண் அந்துப்பூச்சிகளை ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஒன்றுக்குச் சிக்கல் குறைவு, நான்குக்குப் பொதுவாக நுண்ணோக்கிச் சான்று வேண்டும். பிரிட்டனின் சுமார் 2,500 அந்துப்பூச்சி இனங்களில் ஏறத்தாழ 1,600 இந்த ‘மைக்ரோ’ வகை. அது வசதிக்காகக் கிழித்த கோடுதான், சில மைக்ரோக்கள் ‘மேக்ரோ’ எனப்படும் மற்றவற்றில் சிலவற்றை விடப் பெரியவை. பட்டர்ஃபிளை கன்சர்வேஷன் அமைப்பு 2007-ல் தேசிய அந்துப்பூச்சிப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியபோது மேக்ரோக்களுக்கு மட்டுமே இடம். மைக்ரோக்கள் 2016-ல்தான் உள்ளே வந்தன.

இந்தப் பதிவுகளை வைத்து வரைந்த வரைபடங்களைப் பார்க்கும்போது கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. புள்ளிகள் அடர்ந்திருக்கும் இடம் பூச்சி நிறைந்த இடமாக இருக்கலாம். இலையைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அங்கே வீடு வாங்கியிருக்கிறார் என்பதும் காரணமாக இருக்கலாம்.

புழு போய்விட்ட சுரங்கத்தைப் பார்த்தால் அனுபவசாலிகள் ‘எரியோக்ரேனியா இனம்’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவார்கள். புதிதாக வருகிறவருக்குக் கை துறுதுறுக்கும். தம் சதுரத்துக்கு ஒரு புதுப்பெயர் சேர்க்கும் ஆசை. சரிபார்ப்பவர் திருப்பி அனுப்புவது இந்த ஆசையைத்தான். பெயரைக் குறைத்து எழுதுவது இந்தத் துறையில் கடைசியாகக் கைவரும் கலை என்று தோன்றுகிறது.

ஏப்ரலில் சாம்பல் நிறப் புழுவைப் பார்த்துச் ‘சாங்கி’ என்று உறுதியாக எழுதியவர், அடுத்த மார்ச்சில் வெயிலுள்ள ஒரு நண்பகலில் அதே மரத்துக்குப் போகிறார் என்று வையுங்கள். கிளைக்கு அடியில் வெள்ளைத் துணியைப் பிடித்து ஒரு தட்டு தட்டினால் ஊதாப் பொன் பூச்சி ஒன்று விழும். போன வருடம் பார்த்த அதே புழுவாகவே அது இருக்கலாம். ஆனால் அவர் பதிவேட்டில் எழுத முடிவது இவ்வளவுதான்: சாங்கி, ஒரு சாய்கோடு, செமிபர்ப்யூரெல்லா.