நிற்கிற வண்டிக்கு எதற்கு இன்சூரன்ஸ்?

திருவெண்ணெய்நல்லூர் கிருபாபுரீஸ்வரர் கோயிலோடு ஒரு வழக்கின் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்யாணப் பந்தலில் இருந்த சுந்தரரைக் கிழவர் ஒருவர் வந்து மறித்தார். நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இதோ என்றார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் அசரவில்லை. கிழித்தது படி ஓலைதான், மூல ஓலை ஊரில் இருக்கிறது என்று சபைக்கு அழைத்துப் போனார். சபையார் கையெழுத்தை ஒத்துப் பார்த்து, கிழவர் சொல்வதே சரி என்றார்கள். வந்தவர் சிவன் என்பது பிறகு தெரிந்த சங்கதி. பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், தான் படித்தே இராத ஒரு பத்திரத்தின் வாசகத்துக்கு ஒரு மனிதர் கட்டுப்பட்ட கதை இது.

அப்படி ஒரு பத்திரம் இன்று அந்த ஊரில் ஏறக்குறைய வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. வண்டி வாங்கிய அன்று ஷோரூமில் கொடுத்தது. நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சீட்டுக்கு அடியில் செருகி வைத்தது. கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் கட்டியாச்சுண்ணே."

அந்தப் பேப்பரை ஒரு முறை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின்படி, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் புது டூ வீலருக்கு ஐந்து ஆண்டு இன்சூரன்ஸ் கட்டாயமானது. ஆனால் கட்டாயமானது தேர்டு பார்ட்டி மட்டும்தான். அதாவது, உங்கள் வண்டி இன்னொருவர் மேல் மோதினால் அவருக்குக் கொடுக்க வேண்டிய பணம். உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பகுதி, பேப்பரில் 'ஓன் டேமேஜ்' என்று இருக்கும். புது வண்டியோடு அதைப் பெரும்பாலும் ஒரே ஒரு ஆண்டுக்குத்தான் போட்டிருப்பார்கள். இரண்டுக்கும் தனித்தனி முடிவுத் தேதி. அடுத்தடுத்த வரிகளில் அச்சாகியிருந்தாலும், ஆன்ரோடு விலை பேசும் அவசரத்தில் யாரும் அதை எடுத்துச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

இந்த வித்தியாசம் விழுப்புரம் மாவட்டத்துக்குப் புரிந்தது 2024 டிசம்பரில். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணையும் மலட்டாறும் ஊருக்குள் வந்தன. அரசூர் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே தண்ணீரில் மூழ்கிப் போக்குவரத்து நின்றது. தாழ்வாரத்திலும் வாசலிலும் மாட்டுக்கொட்டகையிலும் நின்ற வண்டிகள் நின்றபடியே முழுகின.

அடுத்த நாள் அரசு அறிவித்த நிவாரணப் பட்டியலில் குடிசைக்கு 10,000 ரூபாய் இருந்தது, கறவை மாட்டுக்கு 37,500 இருந்தது, செத்த கோழிக்குக்கூட 100 ரூபாய் இருந்தது. மோட்டார் சைக்கிள் இல்லை. கரும்பு வெட்டப் போகிறவருக்கும் பால் கேன் கட்டுகிறவருக்கும் அதுதான் பிழைப்பு என்றாலும், அரசின் கணக்கில் அது இன்சூரன்ஸ் கம்பெனி பார்த்துக்கொள்ள வேண்டிய பொருள்.

பனி கொட்டும் நாடுகளில் குளிர்காலம் முழுக்க மோட்டார் சைக்கிளைக் கொட்டகையில் பூட்டி வைப்பார்கள். பிரிட்டனில் வண்டியைச் சாலைக்கு எடுக்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டால் வரியும் வேண்டாம், இன்சூரன்சும் கட்டாயமில்லை. ஜெர்மனியில் வருடத்தின் சில மாதங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் நம்பர் பிளேட்டே உண்டு. அங்கே நிற்கிற வண்டி பத்திரமான வண்டி. நம் ஊரில் கதை தலைகீழ். வண்டி நிற்கும் பருவம் ஐப்பசியும் கார்த்திகையும். ஆபத்து வருவதும் அப்போதுதான். 'ஓட்டாத வண்டிக்கு எதுக்குய்யா இன்சூரன்ஸ்' என்று ஓன் டேமேஜை விட்டுவிடுகிறவர், வண்டிக்கு அது மிகவும் தேவைப்படும் மாதங்களில் அதைக் கழற்றிவிடுகிறார்.

2019 செப்டம்பர் முதல் ஓன் டேமேஜைத் தனியாகவே வாங்கலாம். தேர்டு பார்ட்டி ஒரு கம்பெனியில் இருக்க, இதை வேறு கம்பெனியில் போட்டுக்கொள்ளலாம். புரட்டாசிக்குள் தேதியைப் பார்த்துப் புதுப்பித்துவிடுவது நல்லது. காலாவதியான பிறகு போனால் கம்பெனி வண்டியைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். இடைப்பட்ட நாளில் நடந்த எதற்கும் பணம் வராது. 90 நாள் தாண்டினால் கிளைம் வாங்காமல் சேர்த்துவைத்த தள்ளுபடியும் போய்விடும். அந்தத் தள்ளுபடி முதல் ஆண்டில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறுவது. பத்து வருடப் பழைய வண்டிக்கு இதெல்லாம் தேவையா என்றால், என் கணக்கில் தேவையில்லை. வண்டியின் காப்பீட்டு மதிப்பே ஐந்தாவது ஆண்டுக்குள் பாதியாகிவிடுகிறது. மூன்று நான்கு வருடத்துக்கு உட்பட்ட வண்டி, அதிலும் தவணை ஓடிக்கொண்டிருக்கிற வண்டி என்றால் விடக்கூடாது.

இனி வண்டியை நிறுத்துகிற விதம். தார்ப்பாயை இறுக்கிச் சுற்றிக் கயிறு கட்டுவதுதான் நம் பழக்கம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் சைலன்சரும் ரிம்மும் துருப்பிடிக்க அதுவே காரணம். பழைய பருத்திப் புடவை தார்ப்பாயைவிட மேல். மேலே கூரை இருந்தால் போதும், பக்கவாட்டில் காற்று ஓட வேண்டும். உர மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தவே கூடாது. யூரியாவும் பொட்டாஷும் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும், இரும்பைத் தின்னும். மாட்டுக்கொட்டகையின் மூத்திர ஆவியும் அப்படித்தான். சைடு ஸ்டாண்டில் விடாமல் சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஸ்டாண்டுக்குக் கீழே பலகை வைத்தால் ஈர மண்ணில் புதைந்து சாயாது.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் பேட்டரி தானாக இறங்கும். முழுக்க இறங்கிக் கிடந்தால் திரும்ப ஏறாது. பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, இருக்கிற பெட்ரோல் தீர்ந்து அதுவாக நிற்கும்வரை ஓடவிடலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலும் இந்தக் காக் இருக்காது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம். பாதி டேங்கில் காலி இடமும் ஈரக்காற்றும் இருக்கும். ஒரு மாதம் மட்டும் நிற்கும் வண்டியில் டேங்கை நிரப்பிவிடலாம். அதற்கு மேல் பல மாதம் நிற்கும் என்றால் வடித்துவிடச் சொல்லும் மெக்கானிக் பேச்சைக் கேட்கலாம். செயினைத் துடைத்து ஆயில் போட வேண்டும். சைலன்சர் வாயில் துணிப்பந்து அடைத்தால் எலி, பூச்சி போகாது. அதை எடுக்க மறந்து செல்ஃப் அடிக்கிறவர்கள் உண்டு என்பதால், துணியின் ஒரு முனை வெளியே தொங்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் தண்ணீர் வந்து வண்டி முழுகிவிட்டது என்று வையுங்கள். தண்ணீர் வடிந்ததும் கை தானாகப் போகும் இடம் செல்ஃப் பட்டன். ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசைதான். அந்த ஒரு அழுத்தலில் வண்டியும் போகும், கிளைமும் போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கம்பெனிக்காரர் அப்போது சொல்வார்: இது வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, தண்ணீர் இருக்கும்போது நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் தொடர்ந்து வந்த சேதம், பாலிசியில் இதற்கு இடமில்லை. அப்படி ஒரு வாசகம் உண்மையிலேயே பாலிசியில் இருக்கிறது. 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனியாகக் கட்டிச் சேர்த்திருந்தால் ஒழிய இந்த வாதத்தை மறுப்பது சிரமம்.

ஆகவே சாவியைத் தொடாமல் போனை எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை, அதன் பக்கத்தில் வண்டி, நம்பர் பிளேட், சேசிஸ் நம்பர் எல்லாம் தெரியும்படி வீடியோ எடுங்கள். கம்பெனியின் இலவச எண்ணுக்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்ற வேண்டாம். பேட்டரி ஒயரை மட்டும் விலக்கி, வண்டியை உருட்டி மேட்டுக்குக் கொண்டு போகலாம். பட்டறையில் பிளக்கைக் கழற்றி, ஆயிலை வடித்துப் பார்ப்பார்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

கரன்டும் டவரும் இல்லாமல் நாலு நாள் கழித்துத்தான் பேச முடிந்தது என்றால்? தாமதத்தை மட்டும் காரணம் காட்டி நியாயமான கிளைமை இயந்திரத்தனமாகத் தள்ளக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே கம்பெனிகளுக்குச் சொல்லிவிட்டது. திருட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் 2020 ஜனவரியில் இதே பக்கம் நின்றது: போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னது மட்டும் மறுக்கக் காரணமாகாது. ஆர்.சி. புக் தண்ணீரில் கரைந்துவிட்டது என்றும் பயப்பட வேண்டாம். டிஜிலாக்கரில் இருக்கும் ஆவணம் 2018 முதல் சட்டப்படி செல்லும். மூல ஓலை இப்போது போனில் இருக்கிறது.

கிளைமில் எதிர்பார்த்த தொகை முழுதும் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி இவற்றுக்குப் பாதிதான் கிடைக்கும். இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். தவணை பாக்கி இருந்தால் பணம் முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகும். ஆயில் மாற்றி பிளக் மாற்றினால் சரியாகிவிடும் ஆயிரம் ரூபாய் வேலைக்குக் கிளைம் போட்டுத் தள்ளுபடியை இழப்பது வீண்.

மழைக்காக இல்லாமல் வெளிநாட்டுக்குப் போவதற்காக வண்டியை நிறுத்துகிறவர்களும் இந்தப் பக்கம் நிறைய. சிங்கப்பூர், துபாய் என்று இரண்டு வருட விசாவில் போகிறவர் சாவியை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு. ரேஷன் கடைக்குத்தானே என்று எடுப்பான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, பதினெட்டு வயது ஆகாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் வண்டியின் உரிமையாளரும் பெற்றோரும் குற்றவாளிகள்: 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. தெரியாமல் எடுத்துவிட்டான் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். கூட்டாளிக்கு வாய்வார்த்தையில் விற்றுவிட்டுப் போவது இன்னும் மோசம். பெயர் மாற்றாத வரைக்கும் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே உரிமையாளர், விபத்து நஷ்ட ஈடும் அவர் தலையில்தான் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. விமானம் ஏறும் முன் ஒரு நாள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்விட்டு வருவது இதற்கு எவ்வளவோ மேல்.

பட்டறையிலோ காசு வாங்கும் ஸ்டாண்டிலோ விட்டுப் போனாலும் ஒரு உரிமை இருக்கிறது. டோக்கனில் 'வண்டிக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருப்பார்கள். ஒப்படைக்கப்பட்ட பொருளைத் தன் பொருள் போல் கவனிக்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். ஓட்டல் ஊழியர் சாவி வாங்கி நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், அலட்சியம் இருந்தால் இந்த மாதிரி அச்சு வாசகத்தைக் காட்டித் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பெரிய ஓட்டல், இது தகரக் கொட்டகை என்று சிரிக்கலாம். டோக்கனைத் தூக்கிப் போடாதீர்கள்.

கம்பெனி மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். போனில் சொன்ன மறுப்பு மறுப்பே இல்லை. முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். கூடவே காப்பீட்டு ஆணையத்தின் 155255 எண்ணில் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம். இன்னொரு வழி விழுப்புரத்தில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் போட முடியாது. மறுப்புக் கடிதத்தின் தேதியில் இருந்து குறைதீர்ப்பாளருக்கு ஓராண்டு, நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டு. வெள்ளத்துக்குப் பிறகு வந்த கடிதத்தை எங்கேயாவது செருகி வைத்திருந்தால், தேடி எடுத்து முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.