சைக்கிள் பட்டறையில் பிறந்த கார்கள்: வேலை இழந்த ஓர் ஊர் மீண்டது எப்படி?

நம்ம ஊர் அம்பாசிடர், பிரிட்டனின் ‘மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு’ காரின் இந்திய வடிவம். அந்த மாரிஸ் நிறுவனத்தைத் தொடங்கிய வில்லியம் மாரிஸ், 1893-ல் டீன் ஏஜில், 4 பவுண்டு முதலோடு சைக்கிள் ரிப்பேர் வேலையில் இறங்கியவர்.

அவர் மட்டுமல்ல. ரோவர், ஹம்பர், சிங்கர், ஹில்மேன் எனப் பல பிரிட்டிஷ் கார்களின் பூர்வீகம் சைக்கிள்தான். இந்தக் கதையின் மையம், கோவென்ட்ரி நகரம்.

பிழைப்பு போன ஊர்

பட்டு ரிப்பன் நெசவுக்கும் கடிகாரத் தயாரிப்புக்கும் பேர்போன ஊர் அது. 1860-ல் பிரான்சுடன் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தால் பிரெஞ்சுப் பட்டு வரியில்லாமல் வந்து குவிந்தது. நெசவாளர்கள் பிழைப்பு போச்சு. பலர் ஊரைவிட்டே கிளம்பினார்கள்.

அங்கே புதிதாக வந்த ஒரு தையல் மெஷின் கம்பெனிக்கு, 1860-களின் இறுதியில் பாரிஸிலிருந்து பெடல் வண்டி ஆர்டர் கிடைத்தது. 1870-ல் போர் வெடித்து பிரான்ஸ் சந்தை கைவிட்டுப் போக, வண்டிகளை உள்ளூரிலேயே விற்றார்கள். சைக்கிள் தொழில் வேர்விட்டது.

டிஃபரன்ஷியல் வந்த வழி

அந்தக் கம்பெனியில் இருந்த ஜேம்ஸ் ஸ்டார்லி, பிறகு தனியாகத் தொழில் தொடங்கினார். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் வண்டி இழுக்கும். இதற்குத் தீர்வான டிஃபரன்ஷியல் கியரை 1877-ல் மூன்று சக்கர சைக்கிளில் பொருத்தினார். யோசனை பிரான்சில் முன்பே இருந்தது. அதைச் சாலையில் ஓடும் சாதாரண வண்டிக்குக் கொண்டுவந்தவர் இவர். கார்களில் இன்றும் இருப்பது அதே தத்துவம்தான்.

அவருடைய அண்ணன் தம்பி வழி உறவான ஜான் கெம்ப் ஸ்டார்லி, 1885-ல் ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய சம அளவுச் சக்கரங்கள், பின்சக்கரத்தைச் சுற்றும் செயின் என இன்றைய சைக்கிளின் உருவம் அதுதான். போலந்து மொழியில் சைக்கிளுக்குப் பெயரே ‘ரோவர்’!

ஏன் காருக்கு மாறினார்கள்?

1890-களின் நடுவில் சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்தது. ஆளாளுக்கு ஃபேக்டரி போட்டார்கள். 1897-ல் சந்தை சரிந்தது. பலர் காணாமல் போனார்கள். தாக்குப்பிடித்தவர்களிடம் எஃகுக் குழாய், பால் பேரிங், செயின், காற்றடைத்த டயர் எனக் காருக்குத் தேவையான பல விஷயங்கள் தயாராக இருந்தன. அதைவிட முக்கியம், நுணுக்கமாக வேலை செய்யத் தெரிந்த தொழிலாளர்கள்.

1904-ல் ரோவரின் முதல் கார் வந்தது. ஜான் ஸ்டார்லி அதைப் பார்க்கவில்லை, 1901-லேயே இறந்துவிட்டார்.

இன்று ரோவர் பெயர், டாடா 2008-ல் வாங்கிய ஜாகுவார் லேண்ட் ரோவரிடம் இருக்கிறது. அதன் தலைமையகம் இருப்பது, ரிப்பன் நெசவு படுத்துப்போன அதே கோவென்ட்ரியில்.