11 ரோடு, ஒரே தெரு

குவாங்சோ என்றால் நம்மில் பலருக்குத் தெரியாது. கான்டன் என்றால் "ஓ, அந்தப் பொருட்காட்சி ஊரா?" என்பார்கள். ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மாமா அங்கே சரக்கு பார்க்கப் போனபோது, பெட்டி தூக்க நானும் போனேன்.

ஒரு சாயங்காலம் பெய்ஜிங் ரோடு கடைத்தெருவுக்குப் போனோம். (பெய்ஜிங் நகரம் எங்கோ வடக்கே இருக்கிறது. இந்தத் தெருவுக்கு 1966-ல் வைத்த பெயர் இது.) வண்டி வராது, நடை மட்டும்தான். இரண்டு பக்கமும் துணி, செருப்பு, தின்பண்டம். எல்லோரும் போர்டைப் பார்த்து நடக்க, நடுத்தெருவில் ஒரு கும்பல் மட்டும் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. தரையில் கண்ணாடி. அடியில் பள்ளம். பள்ளத்துக்குள்ளே ரோடு!

2002-ல் தெருவைச் சீரமைக்கத் தோண்டியபோது கிடைத்ததாம். தாங் வம்சம் (கி.பி. 618–907) தொடங்கி 20-ம் நூற்றாண்டின் குடியரசுக் காலம் வரை, ஒன்றன்மேல் ஒன்றாக 11 அடுக்கு.

சிவில் நண்பர்களே, அவசரப்பட்டு சப்-பேஸ், பேஸ் கோர்ஸ் என்று எழுதிவிடாதீர்கள்! நாம் பரீட்சையில் வரைவது ஒரே ரோட்டின் அடுக்குகள். இங்கே ஒவ்வொரு அடுக்கும் ஒரு காலத்தில் மேல்தளம், அதன்மேல் ஜனங்கள் நடந்திருக்கிறார்கள். பழசைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதுசு போட்டதால் தெரு உயர்ந்துகொண்டே வந்தது. இடம் மட்டும் மாறவில்லை. வடக்கே அரசு அலுவலகங்கள், தெற்கே முத்து நதி. இரண்டுக்கும் நடுவே போகிற வழி இதுதான், எங்கே மாறும்?

பக்கத்தில் இன்னொரு கண்ணாடிக்கு அடியில் கோங்பெய் கோபுர வாசலின் அஸ்திவாரம். 1316-ல் செய்த செம்பு நீர்க்கடிகாரம் அந்தக் கோபுரத்தில்தான் இருந்தது. ஒரு பாத்திரத்திலிருந்து அடுத்ததற்குச் சொட்டும் நான்கு பாத்திரங்கள். அது இப்போது பெய்ஜிங் மியூசியத்தில்.

ஆனால் என்னை அசத்தியது பக்கத்து சந்தில் உள்ள ஒரு வணிக வளாகம். 2000-ல் அதற்கு அஸ்திவாரம் தோண்டும்போது மரத்தால் செய்த மதகு ஒன்று வெளிப்பட்டது. நான்யுவே அரசுக் காலத்தது (கி.மு. 203–111). பிளானையே மாற்றி, மதகை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு மேலே கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். இன்றும் பேஸ்மென்டில் போய்ப் பார்க்கலாம்.

வேலை எளிமையானது. அடியில் படுக்கைக் கட்டைகள். அதில் துளை போட்டுச் செருகிய தூண்கள். தூண்களில் காடி. ஆற்றில் வெள்ளம் ஏறினால் காடியில் பலகையை இறக்கி அடைப்பார்கள். ஊருக்குள் மழைத் தண்ணீர் தேங்கினால் பலகையைத் தூக்கி வெளியே விடுவார்கள். 2,000 வருஷமாக மரம் எப்படி உளுக்கவில்லை? ஈரச் சேற்றுக்குள் காற்று புகாது. காற்றில்லாமல் மரத்தைத் தின்னும் பூஞ்சை வளராது.

மாமா அந்தத் தளத்தைச் சுற்றிப் பார்த்தார். "எத்தனை கடை போட்டிருக்கலாம்டா! வாடகையே எவ்வளவு வந்திருக்கும்?"

எனக்குப் பதில் வரவில்லை. நாளைக்கு நானே ஒரு சைட்டில் சூப்பர்வைசர். கான்கிரீட் வண்டி வந்து நிற்கிறது, குழியில் பழைய கட்டை தட்டுப்படுகிறது. வேலையை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வருமா? உண்மையைச் சொன்னால், தெரியவில்லை.

கிளம்பும்போது மாமாதான் திரும்பி நின்றார். "இருடா, அந்தக் காடியை இன்னொரு தடவை பார்த்துக்கறேன். நம்ம ஷட்டர் சானல் மாதிரியேல்ல இருக்கு!"