லயத்துக்கு வந்த வைஃபை பெட்டி

இந்த வாரம் சம்பளத்தைப் பற்றியோ கோயில் திருவிழாவைப் பற்றியோ எழுதப்போவதில்லை. ஒரு சின்னப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். பெட்டி சின்னதுதான், ஆனால் இன்று நம் பிள்ளைகளின் படிப்பு அதற்குள் அடங்கிக் கிடக்கிறது.

2020 மார்ச் 18ஆம் தேதி நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடமே கைப்பேசிக்குள் போய்விட்டது. சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி, லைன் கிடைக்காமல் மரத்தில் ஏறி உட்கார்ந்து பரீட்சை எழுதிய செய்தியை நாடே படித்தது. எங்கள் லயத்துப் பிள்ளைகளும் அப்போது தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் போய்க் குந்தியிருந்தார்கள்.

சென்ற ஆண்டு லயத்தில் நான்கு குடும்பங்கள் காசு போட்டு, சிம் கார்டு போடும் வைஃபை பெட்டி ஒன்று வாங்கினோம். "அண்ணே, பெட்டி வந்திருச்சு. எப்படி மாட்டுறதுன்னுதான் யாருக்கும் தெரியல" என்றார் கடைசி வீட்டுத் தம்பி. அவர் மகள் பல்கலைக்கழகத்துக்கு இணையத்தில் மனு செய்ய வேண்டும். அதற்காகத்தான் இந்த அவசரமே.

வாங்குமுன் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தோம். எந்தக் கம்பெனி சிம்மைப் போடப்போகிறோமோ, அதே சிம்மைக் கைப்பேசியில் போட்டு, வீட்டிலேயே 4ஜி கிடைக்கிறதா என்று பார்த்தோம். 3ஜி சேவை 2021 கடைசியோடு நம் நாட்டில் மூடப்பட்டுவிட்டது. பழைய 3ஜி பெட்டியை மலிவாகக் கொடுத்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

சிம்மைப் போட்டு, சுவிட்சைத் தட்டி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தோம். விளக்கு எரிந்தது. பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் வைஃபையின் பெயரும் மறைச்சொல்லும் இருந்தன. கைப்பேசியில் அந்தப் பெயரைத் தேடி, மறைச்சொல்லைத் தட்டினோம். வந்துவிட்டது! லயமே கைதட்டியது.

ஆனால் இரண்டு தவறு செய்தோம்.

முதல் தவறு, தூசு படாமல் இருக்கட்டுமென்று முதல் வீட்டு இரும்பு அலமாரிக்குள் பெட்டியை வைத்தது. மூன்றாம் வீட்டுக்கே அலை போகவில்லை. வைஃபை என்பது வானொலி அலை மாதிரிதான். இரும்பும் தகரமும் அதை மறிக்கும், கல்சுவர் பலத்தைக் குறைக்கும். குடத்துக்குள் விளக்கை வைத்தால் வீட்டுக்கு வெளிச்சம் வருமா? நடுவீட்டு ஜன்னல் பக்கம், ஆள் உயரத்துக்கு மேல், பலகைத் தட்டில் வைத்த பிறகு நாலு வீட்டுக்கும் கிடைத்தது. பெட்டியில் 2.4, 5 என்று இரண்டு வகை அலை இருந்தால், 2.4 தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 5 வேகமானது, ஆனால் கிட்டத்தில்தான் நன்றாக வேலை செய்யும்.

இரண்டாவது தவறுதான் வினையாகிவிட்டது. ஒட்டியிருந்த மறைச்சொல்லை நாங்கள் மாற்றவே இல்லை. யாரோ ஒரு பையன் அந்தத் தாளைப் படம் பிடித்தான். படம் தோட்டமெங்கும் போய்விட்டது. அடுத்த லயத்திலிருந்தெல்லாம் வந்து வாசலில் நின்று சினிமா பார்த்தார்கள். ஒரு மாத டேட்டா பதினைந்தே நாளில் தீர்ந்தது. தீர்ந்த அன்றுதான் மனுவுக்குக் கடைசி நாள்!

"எல்லாரும் படம் பாத்தீங்க, எம்புள்ள பாரத்துக்கு மட்டும் இல்லையா?" என்று அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. தம்பி ராத்திரியோடு மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போய் டாப்அப் போட்டு வந்தார். பதினோரு மணிக்குப் பிறகுதான் மனு போய்ச் சேர்ந்தது.

மறுநாளே சரி செய்தோம். கைப்பேசியை வைஃபையில் இணைத்தபடியே, இணையத் திரையில் பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணைத் தட்டினோம். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்றிருக்கும். அங்கே இரண்டு சாவி உண்டு. ஒன்று வைஃபைக்குள் நுழையும் மறைச்சொல். மற்றொன்று பெட்டியையே நடத்தும் மறைச்சொல். இரண்டையும் மாற்ற வேண்டும். பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று வையுங்கள். டபிள்யூஇபி என்ற பழைய பூட்டைச் சுலபமாக உடைத்துவிடலாம்; அது வேண்டாம். மறைச்சொல் மறந்துபோனால், பெட்டியின் பின்னால் உள்ள சின்னத் துளையில் ஊசியால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், பழையபடி ஒட்டிய தாளில் உள்ளதற்கே திரும்பிவிடும். ஆகவே அந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள்.

இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நம் ஊர் மின்னல் பெட்டியைக் கருக்கிவிடும்.

பிறகு நாலு வீடும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். இரவு ஏழு முதல் ஒன்பது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும். மறைச்சொல் வீட்டுக்கு ஒரு பெரியவரிடம். மாதக் காசு சம்பள நாளன்றே.

அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. பெட்டி வாங்கப் பணம் போதும் தோழர்களே. அதைப் பயன்படுத்த ஒற்றுமையும் வேண்டும்!