வாதம் அடிச்ச கைக்கும் வேலை கொடுங்க!
வீடு தேடி வருது பயிற்சி

கிருஷ்ணகிரி:
பக்கவாதம் வந்து பிழைத்தவரை அடிக்கடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவது கிராமத்தில் லேசான காரியமா? அதனால் பிசியோதெரபிஸ்டே வீட்டுக்கு வருகிறார். இதற்கான “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டம் 5-8-2021 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான்.

பழுது எங்கே?

பழுது கையில் இல்லை, மூளையில்! செத்துப்போன பகுதியின் வேலையை மற்ற பகுதிகள் ஓரளவு பழகிக்கொள்ளும். அதற்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். டம்ளரை எடுப்பது, பொத்தான் போடுவது, கட்டிலில் உட்கார்ந்து எழுவது... இவைதான் பயிற்சி.

“பாவம், நானே ஊட்டிவிடறேன்” என்று எல்லாவற்றையும் வீட்டாரே செய்தால் கைக்குப் பழக்கம் விட்டுப்போகும்.

உஷார்!

செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீங்க. தோள்மூட்டு நழுவிவிடும்.

தெரபிஸ்டு இருப்பது கொஞ்ச நேரம். மற்ற நேரமெல்லாம் வீட்டார்தான் வாத்தியார்!