தமிழ் கற்பிக்கும் பயிற்சி ஆசிரியரும் இணையக் கருவிகளும்: ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வெளியிட்ட நெறிமுறைகளை ஒட்டி அமைந்த கல்வியியல் பட்ட வகுப்பில், தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தைத் திறனாய்வு நோக்கில் அறிதல் ஒரு தனிப் பகுதியாக இடம்பெற்றது. 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பெற்ற திக்ஷா தளமும், 2018 முதல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் அச்சிடப்பெற்ற விரைவுக் குறியீடுகளும் இணையத்தைப் பாடநூலோடு இணைத்தன. கருவியை இயக்கும் முறையைப் பயிற்சி ஆசிரியர் சில நாள்களில் கற்றுக்கொள்கிறார். ஆனால் கருவி தரும் தமிழ் மாணவருக்குக் கற்பிக்கத்தக்கதா என முடிவுசெய்ய மொழியியல் அறிவு வேண்டும். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் வகுப்பில் இத்தேவை மிகுதி. தாய்மொழியாளர் பிழையைத் தாமே உணர்ந்து தள்ளிவிடுவர்; புதிதாகக் கற்பவரோ அதையே தமிழாகக் கொள்வர். இந்நோக்கில் நான்கு வகைக் கருவிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

2. எழுத்தும் குறியீடும்

'தமிழ்' என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. ஒருங்குறி முறையில் அதே சொல் ஐந்து குறிகளாகப் பதிவாகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. உயிர்மெய்யையும் மெய்யையும் ஒருங்குறி தனித்தனி அலகுகளாகக் கொள்ளாததே இதற்குக் காரணம். எனவே எழுத்துகளை எண்ணும் சில கருவிகள் 'தமிழ்' ஐந்தெழுத்துச் சொல் எனக் காட்டும். சொல் விளையாட்டுகளை அமைக்கும் பயிற்சி ஆசிரியர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

தேடலிலும் இதனையொத்த சிக்கல் எழுகிறது. 'மௌனம்' என்பதை ஔகாரக் குறியிட்டு உள்ளிடுவதே முறை. மகர எகரத்தின் பின் ளகரத்தை இட்டு 'மெளனம்' என உள்ளிட்டாலும் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். கணிப்பொறிக்கோ இவை வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாமல் போகலாம்.

3. அகராதியும் சொல் வடிவமும்

1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இன்று இணையத்தில் தேடத்தக்க வடிவில் கிடைக்கிறது. அதன் தலைச்சொல் வேர் வடிவிலோ எழுவாய் வடிவிலோ அமையும். கற்பவர் பாடத்தில் காண்பதோ திரிந்த வடிவம். 'கேட்டான்' என்பதிலிருந்து 'கேள்' என்பதையும், 'சென்றான்' என்பதிலிருந்து 'செல்' என்பதையும், 'மரத்தை' என்பதிலிருந்து 'மரம்' என்பதையும் பிரித்தறிய இயலாதவர்க்கு அகராதி மூடிய நூலே.

'படி' என்னும் தலைச்சொல்லை நோக்குக. 'படிந்தான்', 'படித்தான்' என்னும் இரு வினைமுற்றுகளும் அவ்வடிவிலிருந்தே பிறக்கின்றன. இறந்தகால இடைநிலையே பொருளைப் பிரித்துக் காட்டுகிறது. பேரகராதி இவற்றைப் 'படிதல்', 'படித்தல்' என வேறு பதிவுகளாகத் தருகிறது. இவ்வேறுபாட்டைக் கண்டறியும்படி மாணவரைத் தூண்டினால், அகராதித் தேடலே வினைத்திரிபுப் பாடமாக அமையும்.

4. இயந்திர மொழிபெயர்ப்பு

கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இல் சேர்க்கப்பெற்றது. இந்திய மொழிகளுக்கென அரசின் பாஷிணித் திட்டம் 2022இல் தொடங்கப்பெற்றது. இத்தகைய கருவிகளை வகுப்பில் பயன்படுத்துவோர், மூலமொழியில் இல்லாத வேறுபாட்டை இலக்குமொழி வேண்டும் இடங்களை முதலில் கண்டுகொள்ள வேண்டும்.

'நாம்' கேட்பவரை உளப்படுத்தும், 'நாங்கள்' உளப்படுத்தாது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் கன்னடத்திலும் இவ்விரண்டிற்கும் ஒரே சொல். ஆகவே அம்மொழிகளிலிருந்து தமிழாக்கும் கருவி, சூழலில் குறிப்பு இல்லாதபோது, ஒன்றை ஊகித்தே தரவேண்டியுள்ளது. 'நாங்கள் நாளை ஊருக்குப் போகிறோம்' என்பது இலக்கண வழுவற்ற தொடர். ஆயினும் உடன் வரவிருக்கும் நண்பரிடம் அதைக் கூறினால் அவரை விலக்கியதாகப் பொருள்படும். மலையாளத்தையோ தெலுங்கையோ தாய்மொழியாகக் கொண்டவர்க்கு இவ்வேறுபாடு பழகியது. இந்தி பேசுபவர்க்குப் புதியது. இருவர்க்கும் கருவி ஒரே விடையையே தரும். எவருக்கு எவ்விளக்கம் தேவை என்பதை அறிந்தவர் ஆசிரியர் ஒருவரே.

'அவர்' என்னும் சொல் எதிர்த்திசையில் இதே சிக்கலை எழுப்புகிறது. தமிழில் அது ஆண், பெண் இருபாலார்க்கும் உரிய மதிப்புச் சொல். ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது பால் தெரிவிக்கப்பட வேண்டியிருப்பதால், முன்தொடர்களை நோக்காத கருவி ஆசிரியையை ஆணாக்கிவிடக் கூடும்.

5. ஒலியும் இரட்டை வழக்கும்

தமிழ் எழுத்தைக் கன்னட எழுத்தாக மாற்றும் கருவிகள் தொடக்கநிலை மாணவர்க்கு எளிய துணையாகத் தோன்றும். 'பம்பரம்' என்பதில் இரு பகரங்கள் உள்ளன. முதலது ஒலிப்பிலா ஒலி, மெல்லினத்தின் பின் வரும் இரண்டாவது ஒலிப்புடை ஒலி. கன்னடம் இவற்றை இரு எழுத்துகளால் குறிக்கும். எழுத்துக்கு எழுத்து மாற்றும் கருவி இரண்டிற்கும் ஒரே எழுத்தை இட, மாணவர் தவறாக ஒலிக்கப் பழகுகிறார்.

எழுத்தைப் பேச்சாக்கும் கருவிகளில் பிறிதொரு சிக்கல் உண்டு. 'அவர்கள் வந்துவிட்டார்கள்' என்பதைக் கருவி எழுதியவாறே படிக்கும். பேச்சில் மாணவர் கேட்பதோ 'அவங்க வந்துட்டாங்க' என்பதாகும். இரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்து, இரண்டிற்கும் இடையேயுள்ள ஒழுங்கான மாற்றங்களைப் பட்டியலிடச் செய்தல் பயனுடையது.

6. பயிற்சி முறை

மேற்கூறியவற்றை மூன்று படிகளில் பயிற்றலாம். முதற்படியில், பயிற்சி ஆசிரியர் பாடநூலிலிருந்து பத்துத் தொடர்களைத் தேர்ந்து கருவியில் இட்டு, வெளியீட்டை மாற்றமின்றிப் பதிவுசெய்தல் வேண்டும். இரண்டாம் படியில், ஒவ்வொரு வழுவையும் எழுத்து, ஒலி, சொல், தொடர், வழக்கு என்னும் நிலைகளில் வகைப்படுத்தல் வேண்டும். மூன்றாம் படியில், அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து அதனையே மையமாகக் கொண்டு பாடத்திட்டம் வகுத்தல் வேண்டும். கருவிகள் அடிக்கடி திருத்தம் பெறுவதால், பதிவில் நாளைக் குறிப்பதும் இன்றியமையாதது. ஓராண்டு கழித்து அதே தொடர்களை மீண்டும் இட்டு ஒப்பிட்டால், எவ்வழு நீங்கியது, எது நிலைத்தது என்பது புலப்படும். மொழிபெயர்ப்பாளர்க்கும் இத்தகைய பதிவேடு துணைசெய்யும்.

7. முடிவுரை

கருவிகள் மாறிக்கொண்டேயிருக்கும்; இன்று பயின்ற திரை நாளை வேறு தோற்றம் பெறும். உளப்பாட்டுப் பன்மை, வினைத்திரிபு, ஒலிச் சூழல், இரட்டை வழக்கு ஆகிய மொழிக்கூறுகள் அவ்வளவு விரைவில் மாறுவன அல்ல. ஆசிரியப் பயிற்சியில் தொழில்நுட்பத்தை ஒரு தாளாகவும் மொழியியலை வேறொரு தாளாகவும் பிரித்துக் கற்பிப்பதைவிட, கருவியின் வெளியீட்டையே மொழியியல் பகுப்பாய்வுக்குரிய தரவாகக் கொள்வது இரண்டிற்கும் வலிவூட்டும். அவ்வாறு பயின்றவர், கருவி தவறும் இடத்தில் தடுமாறாமல் அங்கேயே பாடத்தைத் தொடங்குவர்.